பெடிச்சியின் வாய்க்கூடை

குதிரையை வைத்துப் பிழைக்கலாம் என்று நம்பிய ஒரேயொரு மனிதர் அந்தக் காலத்து வன்னியில் இருந்தார். அவரைத்தான் எனக்குக் கட்டிவைத்தார்கள்.

என்னைக் கட்டுவதற்கு முன்பு அவர் கொழும்பில் பந்தயக் குதிரை லாயமொன்றில் வேலை பார்த்தவர். குதிரைகளைக் குளிப்பாட்டுவது, உடம்பு தேய்த்துவிடுவது, காலையில் நடத்திக்கொண்டு திரிவது, சுகமில்லாவிட்டால் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பது, இதெல்லாம் அவருடைய வேலை. லாயத்துக்குச் சொந்தக்காரத் துரை எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேற, இவருக்கு வேலை போயிற்று. ஊருக்கு வந்தார், கலியாணம் நடந்தது, ஐம்பதுகளின் நடுவில் அக்கராயனில் குடியேற்றக் காணி கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து காடு வெட்டி வீடு போட்டோம். சீதனத்தோடு சீதனமாக என்னுடைய அண்ணன் ஒரு சோடி எருதும் தந்திருந்தார். நல்ல வெள்ளை எருதுகள். பார்க்கிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இரண்டாம் வருடம் ஒரு நாள் எருதுகளுக்கு லாடம் அடிக்க வேண்டும் என்று கிளிநொச்சிக்குக் கொண்டுபோனார். ஒரு கிழமை ஆளைக் காணவில்லை. மகள் அப்போது கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஒழுங்கையில் வழி பார்த்து நின்று நின்று கண் பூத்துப்போனேன். எட்டாம் நாள் வந்தார். போனது இரண்டு எருது. வந்தது ஒரு குதிரை.

குதிரை என்றால் பெரிய குதிரை இல்லை. நெடுந்தீவில் புல்வெளிகளில் தன்பாட்டில் திரியுமே, அந்த இனத்து மட்டக்குதிரை. மண்ணிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு. வள்ளத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆனையிறவு கடந்து நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். மனிதருக்கும் குதிரைக்கும் ஒரே அளவுக்குப் புழுதி.

"எருது எங்கை?" என்று கேட்டேன்.

"இஞ்சாரும், கோவிக்காதையும். முதல்ல இவளைப் பாரும்."

"இவளோ? ஆர் இவ? எனக்குச் சக்களத்தியோ?"

"பெடிச்சி," என்றார், சிரித்துக்கொண்டு. சின்னப் பெட்டையைக் கூப்பிடுகிற மாதிரி அதுதான் கடைசிவரை அதன் பெயர். "எருது வைச்சிருக்கிறவன் ஊரெல்லாம் இருக்கிறான். குதிரை வைச்சிருக்கிறவன் ஆரப்பா இருக்கிறான்? ஒருத்தரும் செய்யாததைச் செய்தால்தான் நாலு பேர் தேடி வருவினம்."

நான் வாய்க்காரி. என் வாய்க்குப் பயந்து எங்கள் ஒழுங்கையால் மீன்காரன்கூடச் சத்தம் போடாமல் போவான். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. கல்லானாலும் கணவன் என்று சொல்லித் தந்தவர்கள் குதிரைக்காரனைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தக் குதிரைக்கு அன்றைக்கே நான் வேறு பெயர் வைத்தேன். சனியன். அவர் "பெடிச்சி" என்று கூப்பிட, நான் "சனியன்" என்று கூப்பிட, அது இரண்டுக்கும் காதை ஆட்டியது.

ஊருக்கோ வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி. "குதிரைக்காரற்ற பெண்சாதி" என்று என்னைக் கிணற்றடியில் கூப்பிடத் தொடங்கினார்கள்.

முதலில் வண்டி. கிளிநொச்சித் தச்சரிடம் சொல்லி இரண்டு சில்லு வைத்த ஒரு சின்ன வண்டி செய்வித்தார். ரயிலில் வந்து இறங்குகிற ஆட்களைக் கண்டாவளைப் பக்கம், பஸ் போகாத ஊர்களுக்கு ஏற்றிக்கொண்டு போகலாம் என்பது யோசனை. யோசனையில் குற்றமில்லை. ஆனால் அவசரக்காரன் பஸ்ஸில் ஏறிப் பாதிவழி போய் மிச்சத்தை நடந்தான், ஆறுதல்காரன் மாட்டுவண்டியில் போனான், இரண்டுக்கும் நடுவில் ஆள் இல்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் "கடிக்குமோ, உதைக்குமோ" என்று கேட்டுக் கேட்டுத் தூரவே நின்றார்கள். மாரி பிறந்து கண்டாவளைப் பாதை சேறானதும் சில்லு புதைந்து, கடைசியில் குதிரையை அவிழ்த்துவிட்டு இவர் வண்டியை இழுத்துக்கொண்டு வந்த நாளும் உண்டு.

பிறகு சாணி. குதிரைச் சாணி மிளகாய்க் கன்றுக்கு விசேஷம் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, சாக்கில் கட்டித் தோட்டக்காரரிடம் கொண்டுபோனார். "ஒரு குதிரை போடுறது ஒரு பாத்திக்குக் காணாது தம்பி, ஒன்பது குதிரை கொண்டு வா" என்று சிரித்து அனுப்பினார்கள். கோயில் திருவிழாவுக்கு உயிர்க்குதிரை கொண்டுவரட்டோ என்று கேட்டார். வேட்டைத் திருவிழாவில் சுவாமி ஏறுகிறது மரக்குதிரையில்தானே, முன்னாலே நிஜக் குதிரை ஒன்று போனால் என்ன வடிவாக இருக்கும் என்று அவர் மனதில் பட்டிருக்கிறது. கோயில்காரர் சம்மதிக்கவில்லை. மரக்குதிரைக்கு மாலை போட்டார்கள். எங்கள் குதிரை வேலிக்கு வெளியே நின்று மேளச் சத்தத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற இவருடைய முகத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் அவரைத்தான் பேசினேன். "உமக்கெண்டு ஒரு வெட்கம் ரோசம் இல்லையோ?" கோயில்காரரைப் பேச முடியாத ஆத்திரத்தை அவர்மேல் கொட்டினேன் என்று இப்போது விளங்குகிறது.

ஒரேயொரு தடவை குதிரை எங்களுக்கு மானம் வாங்கித் தந்தது. முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம் கொண்டுபோக ஆசைப்பட்டு, ஆட்களிடம் விசாரித்து எங்களைத் தேடி வந்தார்கள். இவருக்குக் கால் நிலத்தில் படவில்லை. நானும் மகளும் வண்டியில் இருக்க, இவர் முன்னாலே நடக்க, இரண்டு நாள் ஆறுதலாகப் போனோம். அங்கே பெடிச்சியைக் குளிப்பாட்டிச் சரிகைத் துணி போர்த்திக் கழுத்தில் மல்லிகைச் சரம் கட்டியபோது, மூன்று வருடமாக நான் சனியன் என்று பேசியது இதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு வடிவு. மாப்பிள்ளை ஏறும்போது அசையாமல் நின்றது. வெடிச் சத்தத்துக்கும் மிரளவில்லை. மாப்பிள்ளையின் தாய் என்னை உள்ளுக்குள் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பாடு தந்து, "ஊர்க் கண் முழுக்க உங்கட குதிரையிலதான், மகள். போய் நாவூறு கழியுங்கோ" என்று சொன்னா.

வீட்டுக்கு வந்த மறுநாள் அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அதன் முகத்தைச் சுற்றி அடுப்பில் போட்டேன். அதன் கழுத்தைக் கட்டிப்பிடித்து முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சூடாக இருந்தது. அன்றிலிருந்து அவர் இல்லாத நேரங்களில் கஞ்சித் தண்ணீர் வைப்பேன், பிடரி மயிரைச் சிக்கெடுத்து விடுவேன், பெடிச்சி என்றும் கூப்பிடுவேன். அவர் படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால் விலகி வந்து, "சனியன் முற்றமெல்லாம் நாறடிக்குது" என்று கத்துவேன். மூன்று வருடம் ஊரறியப் பேசிவிட்டு இப்போது போய்க் கொஞ்சினால் அவர் சிரிப்பாரே என்ற வீம்புதான். அந்த வீம்பு எவ்வளவு பெரிய கேடு என்று அப்போது தெரியவில்லை.

அந்தக் கலியாணத்துக்குப் பிறகு ஒன்றும் வாய்க்கவில்லை. அடுத்ததாகக் கேட்டு வந்தவர்களும் கடைசியில் மோட்டார்க் காருக்குப் பூக் கட்டினார்கள். நாங்களோ ஒவ்வொரு போகமும் உழவுக்கும் சூடு மிதித்து நெல்லை உதிர்க்கவும் அடுத்தவர் வீட்டு எருதுக்குக் கைகட்டி நின்றோம். இது அண்ணனுடைய காதுக்கு எட்டியது. அவர் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்து இறங்கினார். வந்தவர் போட்ட கதிரையில்கூட உட்காரவில்லை.

"மச்சான், நான் குடுத்த எருதை வித்துப்போட்டு என்ர தங்கச்சியை ஊரார்ற எருதுக்குப் பிச்சை எடுக்க வைச்சிருக்கிறியள். சூடு மிதிச்சு முடியிற நேரம் திரும்பி வருவன். அதுக்குள்ள இந்தக் குதிரை வயலுக்கு உதவுது எண்டு காட்டினியளோ, நான் வாய் திறக்கமாட்டன். இல்லாட்டி வாங்கிறதுக்கு ஆள் கூட்டிக்கொண்டுதான் வருவன். குதிரை போகும், எருது வரும். என்ன தங்கச்சி, நான் சொல்லுறது பிழையோ?"

நான் என்ன சொன்னேன்? "ஓம் அண்ணை, சரிதான்" என்று சொன்னேன். அண்ணனுக்கு முன்னால் வேறு என்ன சொல்வது? இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எழும்பிப் பெடிச்சியிடம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் கையில் எடுத்ததுதான் சூடு மிதிப்பு. கொழும்பு லாயத்தில் குதிரையை நீளக் கயிற்றில் விட்டு, நடுவில் ஒருவர் நின்றுகொண்டு வட்டமாக ஓடவைத்துப் பழக்குவார்களாம். மாடு களத்தில் சுற்றுவதும் வட்டம்தானே, குதிரை சுற்றினால் என்ன என்று கேட்டார். மார்கழி முழுக்க வெறும் நிலத்தில் பழக்கினார். நான் குசினி வாசலில் நின்று, "மாடு செய்யிற வேலையைக் குதிரை செய்யுமெண்டால் கடவுள் ஏன் இரண்டைப் படைச்சவர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். மனதுக்குள் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தேன்.

தை பிறந்து அருவி வெட்டு முடிந்து, வெட்டிய கதிர்களைக் குவித்துச் சூடு வைத்தாயிற்று. களத்தை மெழுகி, கும்பிட்டு, கதிர்களைப் பரப்பினோம். எங்களுடைய களத்துக்கென்று கட்டுப்பாடுகள் உண்டு. அங்கே நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும். செருப்போடு ஏறக்கூடாது. எல்லாவற்றிலும் பெரியது, மிதிக்கிற மாட்டின் வாயைக் கட்டக்கூடாது. உழைக்கிற சீவன் உழைக்கிற இடத்தில் வயிறு நிறையத் தின்னவேண்டும், அதன் வாயைக் கட்டினால் அடுத்த போகம் பொலி நிற்காது என்று எங்கள் ஆட்கள் அதைச் சட்டமாகவே வைத்திருந்தார்கள். மாடு ஒரு வாய் தின்றால் ஒருவரும் தடுக்கமாட்டார்கள்.

இவர் என்னவென்றால் பிரம்பில் ஒரு சின்னக் கூடை பின்னி, அதைப் பெடிச்சியின் வாயில் மாட்டி, தோல்வாரால் காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டார்.

"இதென்ன வேலை?" என்றேன். "மிதிக்கிற வாயைக் கட்டுறது பாவமெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"குதிரை மாடில்லை."

"இல்லாட்டி? அதுக்கு வயிறில்லையோ?"

"கழட்டக்கூடாது எண்டால் கழட்டக்கூடாது. நீர் பேசாமல் இரும்."

ஏன் என்று அவர் சொல்லவில்லை. நான் "ஓம் அண்ணை" என்று சொன்ன நாளிலிருந்து அவர் என்னோடு அளந்துதான் கதைத்துக்கொண்டிருந்தார். நானும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் நான் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

பெடிச்சி ஓடியது. அம்மாடி, அந்த ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் நடுவில் நின்று நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுக்க, கழுத்தை வளைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடியது. மாடு பொழுது சாயும்வரை மிதிக்கிற கதிரை மத்தியானத்துக்கு முன்னமே உதிர்த்துவிட்டது. பக்கத்து வயல்காரரெல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து வரம்பில் நின்றார்கள். இத்தனை வருடம் சிரித்தவர்கள். அவர்களில் இரண்டு பேர், "அண்ணை, நாளைக்கு எங்கட சூட்டுக்கும் கொண்டுவாங்கோ" என்று கேட்டார்கள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை எத்தனை மாதத்துக்குப் பிறகு கண்டேன்! இனி அண்ணன் வந்தாலும் வாய் திறக்க மாட்டார். பெடிச்சி எங்களோடுதான் இருக்கும். போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. ஆட்கள் நின்றார்கள், அதனால் போகவில்லை.

இருக்கிற சாக்குக் காணாது என்று அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். பெடிச்சியைக் களத்தோரம் மர நிழலில் கட்டியிருந்தது. ஆட்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். நானும் பக்கத்துக் காணிக்கார அக்காவும்தான் தூற்றிக்கொண்டிருந்தோம். குதிரை பொலிக் குவியலைப் பார்த்துப் பார்த்துக் கூடைக்குள்ளால் நாக்கை நீட்டியது. எட்டவில்லை. முன்னங்காலால் நிலத்தைத் தட்டியது.

அக்கா சுளகை நிறுத்திவிட்டுச் சொன்னா: "பிள்ளை, நான் சொல்லுறனெண்டு குறை நினையாதை. மிதிச்ச சீவன் பசியோட பாத்துக்கொண்டு நிக்குது. நாங்கள் அதுக்கு முன்னால நிண்டு பொலி தூத்துறம். இது அடுக்குமோ?"

அடுக்காது என்றுதான் எனக்கும் பட்டது. காலையிலிருந்து நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த விஷயம் அது. அவர் கஞ்சத்தனத்தில் கட்டினார் என்றுகூட நினைத்தேன். போய் முடிச்சின் நுனியை இழுத்தேன், அவிழ்ந்தது. கூடையைக் கழற்றினேன். அது என் தோளில் முகத்தைத் தேய்த்தது. அக்கா நின்றாலும் பரவாயில்லை என்று, "தின்னடி பெடிச்சி, நீ உழைச்சது" என்று சொல்லிச் சுளகு நிறையப் பொலி அள்ளி வைத்தேன். தின்றது. இன்னும் வைத்தேன். அதுவும் தின்றது. மூன்றாம் தரம் வைத்தது நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு எத்தனை என்று நினைவில்லை. கடைசியில் ஒரு வாளி தண்ணீரும் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோசமாக ஒருவருக்கும் சோறு போட்டதில்லை.

அக்கா வீட்டுக்குப் போன பிறகுதான் அவர் வருகிற நேரமாயிற்று என்று உறைத்தது. கூடையை மாட்டினேன், முடிச்சுப் போடத் தெரியவில்லை. அது கொழும்பில் பழகிய முடிச்சு. ஒரு நுனியை இழுத்தால் மட்டும் அவிழும், குதிரை எவ்வளவு முகத்தைத் தேய்த்தாலும் இறுகும். இரண்டு மூன்று தரம் முயன்றுவிட்டு அப்படியே தொங்கவிட்டேன்.

அவர் வந்தபோது பெடிச்சி தலையைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. வியர்வை ஓடியது. அவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். தொங்குகிற கூடையைக் கையில் எடுத்தார். குதிரையின் உதட்டில் ஒட்டியிருந்த உமியைப் பார்த்தார்.

"ஆர் இதை அவிட்டது?"

அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பயந்துபோனேன். நான் வாய்க்காரி, ஊரையே வாயால் அடக்குகிறவள், அந்த ஒரு நிமிஷம் எனக்கு வாய் எழும்பவில்லை. பிறகு எழும்பியது பொய்.

"ஒருத்தரும் அவிழ்க்கேல்லை. தானாக் கழண்டு போச்சு. நான் கவனிக்கேல்லை."

அவர் வாரின் நுனியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

மாட்டு வைத்தியரைக் கூட்டிவந்தோம். அவர் இஞ்சியும் பெருங்காயமும் அரைத்துப் பருக்கிவிட்டு, "மாடெண்டால் அசை போட்டுச் சமாளிச்சுப் போடும். இது அசை போடாதோ?" என்று கேட்டார். "போடாது," என்றார் இவர். "வாந்தியும் எடுக்காது. உள்ள போனது போனதுதான்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. படுக்க விட்டால் உருண்டு குடல் முறுகிவிடும் என்று அவர் அதை நடத்திக்கொண்டே இருந்தார். பொழுது சாயத் தொடங்கிய நடை, விடியும்வரை நடந்தார். வெளிச்சம் வந்தபோது பெடிச்சி களத்தின் ஓரத்தில் முழங்காலை மடித்துப் படுத்தது. பிறகு எழும்பவில்லை. அவர் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெரிய சத்தம் வைத்து அழுதார். நான் தள்ளி நின்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் போய் அழ உரிமை இல்லை என்று தோன்றியது.

அண்ணன் சொன்னபடி வந்தார். செத்த குதிரைக்கு என்ன பேசுவது, அவருக்கே மனம் கேட்கவில்லை. "என்ன நடந்தது மச்சான்?" என்று கேட்டார்.

"என்ர கைப்பிழை," என்றார் இவர். "வாய்க்கூடையைச் சரியாக் கட்டேல்லை."

ஊரில் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னார். எனக்கு முன்னாலேயே சொன்னார். ஒவ்வொரு தரமும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைப்பேன். அக்கா ஊருக்குள் வாய்விட்டுவிடுவாவோ என்று கொஞ்ச நாள் பயந்தேன். அவாவுக்கும் அதே குற்றம் உறுத்தியிருக்க வேண்டும், மூச்சுக் காட்டவில்லை. நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டு வந்தது. பிறகு சொல்லாமலிருப்பதே பழகிவிட்டது.

எருது வந்தது. அவர் வயலைச் செய்தார், ஒழுங்காகச் செய்தார். குதிரைக் கதையே எடுக்கவில்லை. ரயிலடியில் வண்டி, கலியாண ஊர்வலம் என்று இரவு பகலாக யோசனை சொல்லிக்கொண்டிருந்த மனிதர் வாயே திறக்கவில்லை. யோசனை சொல்லமாட்டாரா, நான் நாலு பேச்சுப் பேசமாட்டேனா என்று ஏங்கினேன். ஒன்று மட்டும் மாறியது. எருதுகளுக்கு வைக்கோல் போட, தண்ணீர் வைக்க என்னை விடுவதில்லை. நான் வாளியைத் தூக்கினால் ஓடிவந்து வாங்கிவிடுவார். "விடும், நான் பாக்கிறன்." காய்ச்சலில் கிடந்தாலும் எழும்பிவந்து தானே வைப்பார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனதுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. பைத்தியக்காரி.

ஒன்பது வருடம் போயிற்று. அறுபதுகளின் கடைசியில் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். பின்னேரம் ஆட்களைப் பார்க்க விடுகிற நேரம் நான் போய்ப் பக்கத்தில் இருப்பேன். ஒரு நாள் அவருக்குக் கொஞ்சம் தெளிவு. யன்னலுக்கு வெளியே ரோட்டில் ஒரு வண்டி மாடு நடந்துபோகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எனக்குத் தாங்க முடியவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றேன். "அண்டைக்குக் களத்தில வாய்க்கூடை தானாக் கழரேல்லை. நான்தான் அவிட்டனான்."

அவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "அந்த முடிச்சுத் தானா அவிழாது."

"பிறகேன் உங்கட கைப்பிழை எண்டு ஊரெல்லாம் சொன்னியள்?"

"உம்மை ஊர் பேசக்கூடாது எண்டுதான். நீரே வந்து சொல்லுவீர் எண்டும் பாத்துக்கொண்டிருந்தனான்." கொஞ்சம் மூச்செடுத்துவிட்டுச் சொன்னார்: "உமக்கு அதை வந்த நாளிலயிருந்து கண்ணில காட்டேலாது. அண்ணைக்கும் ஓம் எண்டு சொன்னனீர். அண்டைக்கு அது நல்லா ஓடிப்போட்டுது, இனி அது போகாது எண்டு கண்டுதான் பொலியை அள்ளிக் குடுத்திருக்கிறீர் எண்டு நினைச்சன். எனக்கு உம்மில கோவமில்லை. அது முடிஞ்ச கதை."

ஒன்பது வருடம். நான் வேண்டுமென்றே கொன்றேன் என்று நினைத்துக்கொண்டு ஒன்பது வருடம் என்னோடு ஒரு பாயில் படுத்து, என் கையால் சோறு வாங்கித் தின்று, ஊருக்கு முன்னால் என்னைக் காப்பாற்றியிருக்கிறார். வாளியை ஏன் என் கையிலிருந்து வாங்கினார் என்று அந்த நிமிஷம் விளங்கியது. என்னை நம்பி ஒரு சீவனையும் விடப் பயந்திருக்கிறார்.

"ஐயோ, இல்லையப்பா! பசிக்குதெண்டு அவிட்டனான். மிதிச்ச சீவன் பாத்துக்கொண்டு நிக்குதெண்டு... எனக்கு அதில உயிர். நீங்கள் இல்லாத நேரம் நான் அதைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிப்பன். நாவூறு கழிச்சனான். பெடிச்சி எண்டுதான் கூப்பிடுவன். பக்கத்துக் காணி அக்காவைக் கேட்டுப் பாருங்கோ!"

அக்கா செத்து அப்போது இரண்டு வருடம். அது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, சந்தோசமும் இல்லை.

"அப்பிடியோ," என்றார்.

மணி அடித்துவிட்டது. தாதி வந்து, "நேரம் முடிஞ்சுது, எல்லாரும் எழும்புங்கோ" என்று விரட்டினா. மிச்சத்தை நாளைக்கு ஆறுதலாகச் சொல்லலாம், முல்லைத்தீவில் அந்த அம்மா சொன்னதிலிருந்து தொடங்கிச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று அடுக்கிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் கஞ்சியோடு முதல் பஸ்ஸில் போனேன். கட்டில் வெறுமையாக இருந்தது. விரிப்பைக்கூட மாற்றிவிட்டிருந்தார்கள்.

நான் சொன்னதை அவர் நம்பினாரா, இல்லை இதுவும் இவளுடைய வாய் என்று நினைத்துக்கொண்டு போனாரா, எனக்குத் தெரியாது.